மகள் கை நிக்குது

1. பத்து ரூபாய்

அந்த அம்மா எங்கள் இன்டர்நெட் ஆபீஸ் வாசலில் வந்து நின்று ஒரு காகிதத்தை நீட்டியபோது, முதலாளி காகிதத்தைப் பார்க்காமலே மேசை டிராயரைத் திறந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார். வாய் பேசாதவர்கள் காகிதத்தோடு கடை கடையாக உதவி கேட்டு வருவது எங்கள் பக்கத்தில் உண்டு. முதலாளி கெட்டவர் இல்லை. வருகிற யாரையும் அவர் வெறும் கையோடு அனுப்பியதில்லை.

அந்த அம்மா நோட்டைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். நோட்டை வாங்கி மேசைமேல் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க ஸ்டேப்ளரை அதன்மேல் தூக்கி வைத்தார். காகிதத்தையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

நான் அப்போதுதான் காலை டிபன் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு காகிதத்தை எடுத்துப் படித்தேன். பெரிய பெரிய எழுத்தில் இப்படி இருந்தது:

'நெட். வீடியோ. சாயந்தரம் 7 மணி. மகள் கை நிக்குது. 3 தடவை சொல்லி.'

கீழே எங்கள் கஸ்டமர் நம்பர். சிஸ்டத்தில் போட்டுப் பார்த்தேன். விளாங்குடியில் ஒரு காம்பவுண்டு வீடு. பெயர் பஞ்சவர்ணம். அந்த மாதத்தில் மட்டும் ஆப் வழியாக மூன்று கம்ப்ளைன்ட், மூன்றும் முடித்து வைக்கப்பட்டிருந்தன. காரணம் என்ற கட்டத்தில் மூன்று முறையும் ஒரே வரி: 'கஸ்டமர் போன் எடுக்கவில்லை.'

எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். கம்ப்ளைன்ட் வந்தால் முதலில் போன் செய்வோம். மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை என்றால் கம்ப்ளைன்டை மூடிவிடுவோம். காது கேளாத ஒருவருக்கு ஒன்பது முறை போன் அடித்து, எடுக்கவில்லை என்று எழுதி வைத்திருந்தோம். அதில் ஒரு கம்ப்ளைன்டை மூடியவன் நான்.

முதலாளி கருப்பையா அண்ணன் ஸ்டேப்ளரை நகர்த்தி நோட்டை எடுத்து டிராயரில் போட்டார். பிறகு, "வேலு, நீயே போயிட்டு வந்துரு" என்றார்.

2. கேக்குதா

என்னைப் பற்றி இரண்டு வரி. அலங்காநல்லூருக்கு வடக்கே ஒரு ஊர். ஒன்பதாம் வகுப்போடு சரி. திருப்பூரில் பனியன் கம்பெனி, கோட்டயத்தில் பரோட்டா மாஸ்டருக்கு எடுபிடி, அனந்தபூர் பக்கம் போர்வெல் லாரி என்று ஒரு இடத்தில் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. லாரியில் விரல் நசுங்கியதும் ஊர் திரும்பி, கேபிள் புதைக்கக் குழி வெட்டும் வேலைக்கு வந்தேன். குழிக்குள் போட்ட கம்பி எங்கே போகிறது என்று பார்க்கப்போய், அப்படியே ஆபீசுக்குள் வந்து, ரவுட்டர் வரைக்கும் வந்துவிட்டேன். நானே ஆச்சரியப்படும்படி இந்த வேலையில் பல வருடம் நின்றுவிட்டேன்.

அன்று பகல் பதினோரு மணிக்கு அந்த வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, ஒரு சமையல் தடுப்பு. கட்டிலில் பஞ்சவர்ணம் அக்காவின் கணவர் ராசு படுத்திருந்தார். அவரும் பேச்சும் கேள்வியும் இல்லாதவர். சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடைக்குச் சட்டை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். பஸ்ஸிலிருந்து விழுந்ததில் எலும்பு முறிந்து, தொடையில் கம்பி வைத்திருந்தார்கள்.

நான் எல்லாருக்கும் செய்கிற சோதனைகளைச் செய்தேன். ஃபைபரில் வெளிச்ச அளவு சரி. ஸ்பீட் டெஸ்ட் அடித்தால் ஐம்பதைத் தாண்டியது. கடைசியாக வீடியோ கால் சோதனை. அக்காவின் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, நான் தெருவுக்குப் போய் என் போனிலிருந்து கூப்பிட்டு, பழக்கதோஷத்தில், "ஹலோ, கேக்குதாக்கா? நான் பேசுறது கேக்குதா?" என்று கத்தினேன்.

திரையில் அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் தோளுக்குப் பின்னால் கட்டிலில் கிடந்த ராசு அண்ணன் தன் காதைத் தொட்டுக் காட்டி, கையை விரித்து, உடம்பு குலுங்கச் சிரித்தார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. உள்ளே வந்தபோது அக்கா ஒரு தம்ளர் மோர் கொடுத்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, ஏழு என்று விரல் மடக்கினார். தரையைத் தட்டிக் காட்டினார். ஏழு மணிக்கு இங்கே வந்து உட்கார்.

எனக்குப் புரிந்தது. வாரேன் என்று தலையாட்டினேன்.

3. ஏழு மணி

ஏழு மணிக்கு மகள் கவிதா நாசிக்கிலிருந்து கூப்பிட்டாள். கவிதாவுக்குக் காது கேட்கும், பேச்சும் உண்டு. கணவனுக்கு அங்கே வேலை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்க வேண்டியவள். உடம்பு ஒத்துக்கொள்ளாமல் அசையவே கூடாது என்று டாக்டர் படுக்க வைத்துவிட்டார். இங்கே ராசு அண்ணனை விட்டு அக்காவால் நகர முடியாது. ஆக, தாய்க்கும் மகளுக்கும் இருந்த ஒரே வழி அந்த ஐந்தரை அங்குலத் திரை. அதுவும் கணவன் வேலை முடிந்து வந்து போனைப் பிடித்தால்தான் அவளால் படுத்தபடி இரண்டு கையாலும் பேச முடியும்; அதனால்தான் ஏழு மணி.

போனைத் தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்த்து வைத்துவிட்டு அக்கா இரண்டு கையாலும் பேசினார். மகளும் கையாலேயே பதில் சொன்னாள். அவ்வளவு வேகமாகக் கைகள் பேசி நான் பார்த்ததில்லை. அரை நிமிடம் இருக்கும். மகளின் வலது கை நெற்றிக்குப் பக்கத்தில் போய் அப்படியே நின்றுவிட்டது. படம் உறைந்துவிட்டது. அக்கா கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். மகள் கை நிக்குது.

படம் நின்றாலும் போனிலிருந்து சத்தம் தெளிவாக வந்துகொண்டிருந்தது. அங்கே ஃபேன் ஓடுவதுகூடக் கேட்டது. நான் இன்னார், லைன் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன்.

"அண்ணே, நான் பேசுறது உங்களுக்கு நல்லாக் கேக்குதுல்ல?" என்றாள் கவிதா. "அதான்ணே கொடுமை. லைன் திணறுனா இந்த ஆப் படத்த விட்டுட்டுக் குரலக் காப்பாத்திருது. எங்க வீட்டுக்குக் குரல் எதுக்குண்ணே?"

டெக்ஸ்ட் அனுப்பலாமே என்று கேட்டேன். அம்மாவுக்கு எழுத்து கடைக்குச் சாமான் சீட்டு எழுதுகிற அளவுக்குத்தான் வரும் என்றாள். வியாழக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போகிறார்கள். மறுநாள் ஆபரேஷன். வார்டுக்குள் போனை விடமாட்டார்களாம்.

"அம்மா மூணு நாளா என்னமோ ஒன்னச் சொல்ல வாராங்கண்ணே. ஒவ்வொரு தடவையும் பாதில நின்னுருது. புள்ளையப் பத்தி என்னமோன்னு மட்டும் தெரியுது. உள்ள போறதுக்கு முன்னாடி அத மட்டும் பாத்துட்டேன்னாப் போதும்."

அன்று திங்கள். புதன் சாயங்காலம்தான் கடைசி வாய்ப்பு.

4. பச்சை ரூல்

காரணம் எனக்கு உடனே தெரிந்தது. எங்கள் ஆபீசுக்கு மேலே உள்ள பெரிய கம்பெனியிலிருந்து இரண்டு லைன் வருகிறது. ஒன்று பெரிய லைன். நானூறு வீடும் அதில்தான். கிரிக்கெட் நடக்கிற மாதங்களில் சாயங்காலம் ஏழு மணிக்கு அது பிதுங்கும். இன்னொன்று சின்ன லைன், பெரியது அறுந்தால் சமாளிக்க வைத்திருப்பது. மற்ற நேரம் சும்மா கிடக்கும்.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் ரவுட்டரில் ஒரு ரூல் எழுதினேன். இந்த வீட்டிலிருந்து வருவதை மட்டும் சின்ன லைனில் திருப்பி அனுப்பு. எழுதி முடித்ததும் ரூலுக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. கவிதாவுக்கு, 'இன்னைக்குப் பாருங்கள்' என்று மெசேஜ் போட்டுவிட்டு, நேரில் பார்க்க நானே ஏழு மணிக்கு அந்த வீட்டில் போய் உட்கார்ந்தேன்.

தொடக்கம் நன்றாக இருந்தது. அக்கா முகம் மலர்ந்து, கையைத் தன் நெஞ்சுக்குக் கொண்டுபோனார். அந்த இடத்தில் படம் நின்றது. மகள் பக்கத்திலும் அம்மாவின் கை நெஞ்சில் நின்றபடியே உறைந்திருக்கிறது என்று குரல் வந்தது.

அக்கா கோபப்படவில்லை. போனை எடுத்துத் துணியால் துடைத்தார். குறை தன் போனில் இருக்கலாம் என்பதுபோல், என்னிடம் அதைக் கொடுத்து, சைகையில் மன்னிப்புக் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஆபீசுக்கு வந்து ரூலைத் திறந்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் கவுன்ட்டர் என்று ஒன்று உண்டு. அந்த ரூல் வழியாக எத்தனை பாக்கெட், அதாவது டேட்டாத் துண்டு, போனது என்று காட்டும். இருபது நிமிட வீடியோ காலுக்கு அது லட்சத்தைத் தொட்டிருக்க வேண்டும். பதினான்கு என்று காட்டியது. பதினான்கோடு நின்றிருந்தது.

5. கடைசிப் பக்கம்

புதன் காலையில் அந்த ரவுட்டரின் மேனுவலை எடுத்து உட்கார்ந்தேன். ஆங்கிலம் எனக்குக் கூட்டிப் படிக்கத்தான் வரும். ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் பிடித்து, அதைத் தமிழில் மாற்றச் சொல்லி, மாற்றியது புரியாத இடத்தில் மறுபடி ஆங்கிலத்தைக் கூட்டி, மதியம் வரை போனது. கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில், எதோடு எது ஒத்துப்போகாது என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் மூன்றாவது வரி: ஃபாஸ்ட் ஃபார்வர்டிங் போட்டிருந்தால், வழி திருப்பும் ரூல்கள் முதல் சில பாக்கெட்டுகளுக்கு மேல் வேலை செய்யாது.

ஃபாஸ்ட் ஃபார்வர்டிங் என்றால் இதுதான். சாதாரணமாக ரவுட்டர் தன்னிடம் வருகிற ஒவ்வொரு பாக்கெட்டையும் நிறுத்தி, ரூல்களை வரிசையாகப் பார்த்து, அதன்பிறகு அனுப்பும். கூட்டம் அதிகமானால் பெட்டி மூச்சு வாங்கும். ஃபாஸ்ட் ஃபார்வர்டிங் போட்டால், முதல் சில பாக்கெட்டுகளை மட்டும் பார்த்துவிட்டு, அதே தொடர்பில் பின்னால் வருவதையெல்லாம் பார்க்காமலே பெரிய லைனில் தள்ளிவிடும். லாரிகள் எல்லாம் ரிங் ரோட்டில் போய்க்கொண்டிருக்க, நான் ஊருக்குள் சிம்மக்கல்லில் ஒரு போலீஸ்காரரை நிறுத்தி, வண்டி வந்தால் இடப்பக்கம் திருப்பி விடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவரும் பச்சை விளக்கோடு நின்றுகொண்டிருக்கிறார்.

இந்த ஃபாஸ்ட் ஃபார்வர்டிங்கைப் போட்டது வேறு யாரும் இல்லை. போன கிரிக்கெட் சீசனில் பெட்டி திணறியபோது நான்தான் போட்டேன். ஒரே நாளில் கம்ப்ளைன்ட் பாதியாகக் குறைந்து, முதலாளி எனக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். இரண்டும் என் கை போட்டவை. தனித்தனியாக இரண்டும் நல்லவை. இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தால் ஒன்று இன்னொன்றை ஊமையாக்கும் என்று தெரியாமல் இருந்திருக்கிறேன்.

6. ஒரு வீட்டுக்கு ஒரு ரூல்

புதன் மாலை ஆறரைக்கு ஃபாஸ்ட் ஃபார்வர்டிங்கை மொத்தமாக அணைத்தேன். இரண்டே நிமிடத்தில் ரவுட்டரின் உழைப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டைத் தொட்டது. ஆபீசின் மூன்று போனும் ஒரே நேரத்தில் அடித்தன. வீட்டில் இருந்த முதலாளி வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"என்ன மாப்ள பண்ணித் தொலைச்ச? என் மச்சான் வீட்டுலயே மேட்ச் நின்னுருச்சு. போன்ல அவன் கேட்ட கேள்வி இருக்கே, கல்யாணத்துக்குச் சீர் கொறஞ்சப்பக்கூட அவன் அம்புட்டுப் பேசல."

மறுபடி போட்டேன். போன்கள் அடங்கின. மணி ஆறு நாற்பத்தைந்து. இனி ஒரே வழிதான் உண்டு. மேனுவலில் அந்தப் பட்டியலுக்குக் கீழே அதையும் போட்டிருந்தார்கள். இந்த ஒரு வீட்டை மட்டும் ஃபாஸ்ட் ஃபார்வர்டிங்கில் சேர்க்காதே என்று விலக்கு எழுதலாம். அந்த வீட்டுப் பாக்கெட்டுகளை மட்டும் ரவுட்டர் நிறுத்திப் பார்க்கும், சின்ன லைனுக்குத் திருப்பும். ஒரு வீடு என்றால் பெட்டிக்கு அது ஒரு சுமையே இல்லை.

முதலாளியிடம் சொன்னேன். அவருக்கு இஷ்டமில்லை. ஸ்டாண்ட்பையான அந்தச் சின்ன லைனில் யாரையும் விடக்கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம்.

"ஒரு வீட்டுக்கு ஒரு ரூலு போட ஆரம்பிச்சா, நாளைக்குத் தெருவே வந்து நிக்கும்டா. யாரு வீடு அது?"

"காயிதம் கொண்டாந்தாங்களேண்ணே. அந்தக்கா வீடு."

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். மேசைமேல் இருந்த ஸ்டேப்ளரை எடுத்து டிராயருக்குள் வைத்தார். என்னைப் பார்க்காமல், "போடு" என்றார்.

ஆறு ஐம்பத்தாறுக்கு எழுதி முடித்தேன். இந்த முறை பச்சை விளக்கை நான் நம்பவில்லை. கவுன்ட்டரைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். முதலாளியும் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

ஏழு மணி ஒரு நிமிடம். பதினான்கு வந்தது. முதலாளி என் தோளைப் பிடித்தார். பதினான்கு, நூறானது. ஆயிரமானது. அதற்குமேல் படிக்க முடியாத வேகத்தில் ஓடியது.

அந்தத் திரையில் இரண்டு எண் உண்டு. ஒன்று வீட்டிலிருந்து போவது, ஒன்று வீட்டுக்கு வருவது. வீடியோவில் அசைவு கூடினால் பாக்கெட்டும் கூடும். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் போகிற எண் வேகமாக ஓடும்போது அக்கா பேசுகிறார் என்றும், வருகிற எண் ஓடும்போது மகள் பதில் சொல்கிறாள் என்றும் தெரிந்தது. ஒரு கட்டத்தில் போகிற எண் மட்டுமே வெகுநேரம் ஓடியது.

"அந்தம்மா பேசுது" என்றார் முதலாளி மெதுவாக. "பேசட்டும்."

நாற்பது நிமிடம். ஒருமுறைகூட நிற்கவில்லை.

7. அசையாத எண்

மறுநாளிலிருந்து ஆபீசில் இரண்டு மாற்றம். மேசையில் ஒரு நோட்டும் பேனாவும் எப்போதும் இருக்கும். யார் காகிதத்தோடு வந்தாலும் உட்காரச் சொல்லி, முதலில் படிப்போம். கம்ப்ளைன்ட் பதிகிற இடத்தில் புதிதாக ஒரு கட்டம்: 'இவரை எப்படிக் கூப்பிட வேண்டும்.' முதலாளி விளாங்குடிக்கு ஒருமுறை தனியாகப் போய்விட்டு வந்தார். என்ன நடந்தது என்று சொல்லவில்லை. மோர் நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மதியம் கவிதாவின் கணவர் செய்தி அனுப்பினார். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். ஒரு வசதியைப் புதிதாகப் போடும்போது அது என்ன செய்யும் என்று மட்டும் படிக்காதீர்கள். ஏற்கெனவே இருக்கிற எதோடு அது சேராது என்று தேடுங்கள். அது எப்போதும் கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில்தான் இருக்கும். ரூல் எழுதினால் கவுன்ட்டரைப் பாருங்கள். கவுன்ட்டர் ஓடினாலும் வீட்டுக்குப் போய், அந்த வீட்டுக்காரர் எதற்காக லைன் வாங்கினாரோ அதைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். உங்கள் ஸ்பீட் டெஸ்ட் உங்களுக்குத்தான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் சாயங்காலம், பழக்கத்தில் அந்த ரூலைத் திறந்தேன். ஏழே கால். வீடியோ கால் போய்க்கொண்டிருந்தது. ஆனால் இரண்டு எண்ணும் ஊர்ந்துகொண்டிருந்தன. போவதும் இல்லை, வருவதும் இல்லை என்கிற மாதிரி. ஐந்து நிமிடம் பார்த்தேன், அப்படியே இருந்தது. மறுபடி உறைந்துவிட்டதோ? வண்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டே கவிதாவுக்கு மெசேஜ் போட்டேன்: 'படம் நிக்குதாம்மா?'

கொஞ்ச நேரம் கழித்துப் பதில், குரல் பதிவாக வந்தது. பிள்ளை எழுந்துவிடக் கூடாதென்று கிசுகிசுப்பாகப் பேசியிருந்தாள்.

"இல்லண்ணே, ஓடுது. புள்ள தூங்குது, அம்மாவும் அப்பாவும் பாத்துக்கிட்டு இருக்காங்க. அன்னைக்கு அம்மா சொல்ல வந்தது இதுதேன். நான் பொறந்தப்ப அழுகச் சத்தம் அவங்களுக்குக் கேக்காதுல்ல, அதனால எந்நேரமும் ஒரு கைய என் நெஞ்சு மேலயே வச்சிருப்பாங்களாம். அழுதா கைல தெரிஞ்சுருமாம். எனக்குத்தேன் காது கேக்குமேம்மான்னு சொன்னேன். கேட்டாலும் வையின்னுட்டாங்க. என் கை புள்ள மேல இருக்குண்ணே, அதான் யாரும் பேசல."

சாவியை ஆணியில் மாட்டினேன். திரையில் இரண்டு எண்ணும் மெதுவாக, ஒன்றுக்குப் பின் ஒன்றாக, ஏறிக்கொண்டிருந்தன.